தாமதமாக வரும் பயம்

தோர்ஸ்ஹாவ்னிலிருந்து நோல்சோய் தீவுக்கு
இருபது நிமிடம்.
படகில் கயிறு வீசுகிறவன் நான், பார்டுர்.
எனக்கு ஐம்பத்துநான்கு.
நெஞ்சுக்குள் இருப்பதன் வயதைச்
சொல்லமாட்டேன் என்றுவிட்டார்கள்.

கோபன்ஹேகனில் தைத்தது.
ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாக,
பாய்மரத் துணி தைப்பது மாதிரி.
"நரம்புகளை?" என்றேன்.
"அவற்றைத் தைப்பதில்லை" என்றார் டாக்டர் வின்தர்,
ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்களைப் பார்த்தபடி.

மூன்றாம் கோடையில்
ஆட்டுக்கடா ஒன்று கொம்பைத் தாழ்த்தி
என்மேல் ஓடி வந்தது.
வாய் உலர்ந்தது. முழங்கால் உதறியது.
கை தானாக வேலியைத் தேடியது.
நெஞ்சில் மட்டும்
ஞாயிற்றுக்கிழமை.

கடா போய்,
பாறையில் உட்கார்ந்து
காப்பிக் குடுவையைத் திறந்த பிறகு
ரத்தத்தில் மிதந்து மிதந்து
வந்து சேர்ந்தது பயம்,
படகில் ஏற்றி அனுப்பிய தந்தி.
அப்போதுதான் அடிக்கத் தொடங்கியது அது,
யாருமே இல்லாத புல்வெளியில்,
நெடுநேரம்.

மார்பில் காது வைத்து சுன்வா சொல்வாள்:
"தூக்கத்திலும் ஓடுகிறாய்."
தொண்ணூற்றெட்டு.
மூளையிலிருந்து இறங்கி வந்து
'மெல்ல, மெல்ல' என்று சொல்லவேண்டிய நரம்பு
வெட்டிய இடத்தில் நிற்கிறது.
சொல்ல வந்ததை யாரிடம் சொல்லும்?

ஆறாவது குளிர்காலம், பனி உறைந்த படித்துறை.
ஒரு சிறுமியின் பூட்ஸ் வழுக்கி
படகுக்கும் கல்லுக்கும் நடுவே போனது.
அவள் சட்டைத் தொப்பியை நான் எட்டிப் பிடிப்பதற்கு முன்பே
(முன்பே!)
உள்ளே ஒரு மீன் துள்ளியது.

அவள் அம்மா நன்றி சொன்னது காதில் விழவில்லை.
மார்பைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்ததைப் பார்த்து
ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"சிலருக்கு வளர்கிறது" என்றார் வின்தர்.
"நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்,
அதுவும் வழி கிடைத்தால்.
இனிமேல் வலித்தாலும் உங்களுக்குத் தெரியும்."
அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.
நானும் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

இன்றிரவு சுன்வா எண்ணுகிறாள்.
தொண்ணூற்றாறு.
விரட்டுகிற நரம்பு வந்துவிட்டது.
அமர்த்துகிற நரம்பு
கழுத்துக்குக் கீழே எங்கேயோ
தடவித் தடவி வந்துகொண்டிருக்கிறது.
விளக்கை அணைக்கப் போகிறாள்.
"கொஞ்ச நேரம் எரியட்டும்" என்கிறேன்.