தலையில் இரண்டு புள்ளி

அந்த ஊரின் பெயரில்
ஓர் எழுத்துக்குத் தலையில் இரண்டு புள்ளி.
எங்கள் கடன் படிவம் அதை ஏற்கவில்லை.
பெயருக்கு நடுவே ஒரு கேள்விக்குறியைப் போட்டு
அடுத்த கட்டத்துக்குத் தாவியது.

நமக்குப் புள்ளி ஒன்றுதான்.
வைத்தால் எழுத்து மூச்சை அடக்கிக்கொள்ளும்.
அங்கே இரண்டு வைத்தால்
உதட்டைக் குவிக்க வேண்டுமாம்.
குவித்துக் காட்டினாள் ஜெனோவா,
மேசைக்கு அந்தப் பக்கம்,
டோக்கன் நாற்பத்தேழு.
நகைக்கடன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

புதுவயல் பெண். மெக்கானிக்கல்.
இரண்டு வருடமாய் அரிசி ஆலையில் பராமரிப்பு வேலை.
நகக்கண்ணில் கிரீஸ்.
கையெழுத்துப் போடும்போது அதை மறைக்கவில்லை.

‘ஹோஹ்ஷூலே’ என்ற சொல்லை
மேலாளர் செல்போனில் தட்டிப் பார்த்தார்.
உயர் பள்ளி என்று வந்தது.
“ஹைஸ்கூல்தான் முடிச்சாச்சேம்மா?”
பலமுறை கேட்ட கேள்வி போலும்.
“காலேஜ்தான் சார்.
ஆனா அங்க வாத்தியாரா வரணும்னா
முதல்ல சில வருஷம் கம்பெனியில
வேலை பாத்திருக்கணும்.”
மேலாளர் பேனா மூடியைக் கடித்தார்.

பட்டியலைத் திறந்தேன்.
மியூனிக் இருந்தது. பெர்லின் இருந்தது.
இவள் ஊர் ‘மற்றவை’யில்.
மற்றவைக்கு ஈடு வேண்டும்.
அப்பாவின் தண்ணீர் லாரிக்கு இன்னும் ஒன்பது தவணை பாக்கி,
வீடு நிற்கும் மண்ணுக்குப் பட்டா கிடையாது.

கல்விக் கட்டணம் என்ற கட்டத்தில்
சுழியம் போட்டேன். நகரவில்லை.
காசு கேட்காத கல்லூரியை
எங்கள் மென்பொருள் சந்தித்ததே இல்லை.
ஒரு ரூபாய் என்று போட்டேன்.
நகர்ந்தது.

பின்னே கடன் எதற்கு?
ஒரு வருடச் சோற்றுக் காசை முன்கூட்டியே
அங்கே ஒரு கணக்கில் கட்டிப் பூட்டிவிட வேண்டும்.
மாதம் ஒரு பிடி திறப்பார்கள்.
பர்மா வட்டியைப் பைசா பிசகாமல் எழுதிய ஊர்கள் இவை.
தன் பணத்தைத் தானே சிறைவைத்து
அளந்து வாங்கித் தின்னும் கணக்கு
எந்தப் பேரேட்டிலும் ஏறியிருக்காது.

அவள் நோக்கக் கடிதத்தை
இரவு வீட்டில் வைத்துப் படித்தேன்.
அது என் வேலை அல்ல, விதியும் அல்ல.

உமித்தூள் புகுந்து ஒரு பேரிங் எரிந்திருக்கிறது.
மார்கழி. முப்பத்தாறு மணி நேரம் ஆலை நின்றிருக்கிறது.
ஊறிய நெல் தொட்டியிலேயே புளித்திருக்கிறது.
கடைசி வரி:
‘எப்படி மாற்றுவது என்று
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
ஏன் தேய்ந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.’

வரைபடத்தில் அந்த ஊரைப் பெரிதாக்கினேன்.
ஒரு பாலம். இரண்டு நடைமேடை.
பேரிங் தொழிற்சாலை,
அதன் மதிலை ஒட்டியே கல்லூரி.
இங்கே ஆலைச் சுவரை ஒட்டி
டீக்கடை இருப்பதைப் போல.

மதுரைக்குப் போன கோப்பு
மூன்றாம் வாரம் திரும்பி வந்தது:
‘நிறுவனத்தின் பெயர் தெளிவாக இல்லை.’
விசா நேர்காணலுக்குப் பதினோரு நாள்.

அச்சிட்ட தாளை எடுத்தேன்.
கேள்விக்குறியை அடித்தேன்.
பேனாவால் அந்த எழுத்தை எழுதி
அதன் தலையில் இரண்டு புள்ளி வைத்தேன்.
இடது புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் வேண்டும் என்பது விதி.
போட்டேன்.

பரிந்துரை என்ற இடத்தில்
வழக்கமாக ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுதுவேன்.
இந்த முறை,
‘ஆலை நின்றபோது இவர் காரணம் கேட்டார்’
என்று எழுதினேன்.
கட்டத்துக்குள் இடம் போதாமல்
கடைசிச் சொல் ஓரத்தில் ஏறிக்கொண்டது.

தபால் பையை நாலரைக்குக் கட்டுவார்கள்.
மணி நாலு இருபது.
பசை டப்பாவில் பசை காய்ந்திருந்தது.