ஏழு பொட்டலம் மஞ்சள்

நார்வேயிலிருந்து அழைக்கும்போது
வித் முதலில் குதிரையைத்தான் கேட்பான்.
"வலது தொடை, உள்பக்கம். எவ்வளவு இருக்கிறது?"
ஏப்ரலில் பட்டாணி.
ஜூனில் வால்நட்.
நான் எப்படி இருக்கிறேன் என்பதற்கு
அளவு சொல்லக் கொட்டை எதுவும் இல்லை.

டாக்டர் கொஸ்ட்ஷேவா கையுறையைக் கழற்றியபடி சொன்னார்:
சார்காய்டு. உள்ளே போய்க் கொல்லாது.
ஆனால் கோபக்காரக் கட்டி.
அரைகுறையாய்ச் சீண்டினால்
இரண்டாகத் திரும்பி வரும்.
லேசர், மயக்க ஊசி, வார்சாவுக்கு டிரெய்லர்:
அவர் சொன்ன தொகை
ஒரு குளிர்காலம் முழுக்க நானும் புர்ஷ்டினும்
காட்டிலிருந்து இழுத்துவரும் பைன் மரங்கள்.
அது பாட்டுக்கு
அவர் பையின் வாரை மென்றுகொண்டிருந்தது.

பிறகு ஊரே வைத்தியம் சொன்னது.
லுட்விக் பற்பசை என்றான், அதிலும் பச்சை நிறம்.
லியோகாடியா பன்றிக்கொழுப்பில் அடுப்புக்கரி குழைத்து
ஊறுகாய் ஜாடியில் கொண்டுவந்தாள்,
ஜாடி திரும்ப வேண்டும் என்றாள்.
கோயில் மணியடிக்கும் செஸ்லாவ்
வால்முடியால் கட்டியின் கழுத்தை இறுக்கச் சொன்னார்
தேய்பிறையில்.
வளர்பிறையில் கட்டினால்
நிலாவோடு சேர்ந்து அதுவும் ஊதுமாம்.

வித் சொன்னது தகைவிலான் பூண்டு.
லாயத்துக்குள் தகைவிலான்கள் வரும்போது பூத்து
அவை போகும்போது வாடுவது.
வேலிக்குப் பின்னால் நிறைய இருந்தது.
தண்டை ஒடித்தால் ஆரஞ்சு நிறத்தில் பால்.

முதல் சொட்டுக்குத் தோல் சிலிர்த்தது.
இரண்டாவதுக்கு வாளி பறந்தது.
மூன்றாவதுக்கு என் முழங்கால்.
நான்காம் நாள் கட்டி வெந்து பிளந்து
ஈக்கள் செய்தி அனுப்பிக் கூட்டம் சேர்த்தன.
ஒரு வாரம், பிர்ச் கிளையோடு
நொண்டிக்கொண்டே விசிறினேன்.
"எரியத்தான் செய்யும்" என்றான் தொலைபேசியில்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மஞ்சளைச் சொன்னது
சேணக் கடையில் பில் போடும் பெண்.
ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் மிளகு,
கூழாகக் கிண்ட வேண்டும்.
ஹைனுஃப்கா கடையில் ஏழு பொட்டலம் எடுத்தேன்.
வீட்டில் விருந்தா என்றார்கள்.
ஆமாம், விருந்தாளி அறுநூறு கிலோ.

இப்படித்தான் வீடு மஞ்சளானது.
கதவுப்பிடி, விளக்கு சுவிட்ச், தொலைபேசித் திரை,
ரொட்டியின் ஓரம்,
என் பத்து நகங்கள்.
தினமும் சாயங்காலம்
பின்னங்கால்களுக்கு இடையே குந்தினேன்.
மரம் இழுக்கிற எவரும் போகாத இடம் அது.
காதை அதன் வயிற்றில் சாய்த்தால்
உள்ளே எங்கோ ஒரு தண்ணீர்மில் ஓடியது.
கட்டியோடு பேசுவதாக ஆரம்பித்து
கட்டிக்குச் சம்பந்தமில்லாததையும் சொன்னேன்.
புர்ஷ்டின் ஒரு காலைத் தளர்த்தி நின்றது.

நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை,
வைக்கோலில் அது கிடந்தது,
காய்ந்து, சுருங்கி, ஒன்றுமில்லாததுபோல.
மஞ்சளா, பூண்டா என்று டாக்டரைக் கேட்டேன்.
"சும்மாவும் விழும்" என்றார்.
லுட்விக்கின் பெட்டைக்கு இரண்டு இருந்தன,
அவன் பற்பசை வாங்க மறந்தே போனான்,
இரண்டும் போய்விட்டன.
"வேர் இருக்கும். பார்த்துக்கொண்டே இருங்கள்."

கிறிஸ்துமஸுக்கு வந்த வித்
கோட்டைக்கூடக் கழற்றாமல் லாயத்துக்குப் போனான்.
குனிந்தான், தடவினான்.
கட்டி இருந்த இடத்தில் வெள்ளை முடி,
ஒரு நாணயம் அகலத்துக்கு.
"நான் சொன்ன பூண்டுதானே?"
"ம்."
சமையலறையில் சுவிட்சைப் போட்டவன்
விரலைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.
"வீடெல்லாம் என்ன இது?"

இன்று காலை சேணம் மாட்டும்போது
பிடரிக்குக் கீழே, இடது பக்கம்,
கடுகளவு ஒன்று தட்டுப்பட்டது.
அவனிடம் சொல்லவில்லை.
அலமாரியில் இன்னும் இரண்டு பொட்டலம் இருக்கிறது.