எடைச்சீட்டின் பின்பக்கம்

கையில் இருந்தது இருநூற்றெண்பது ரூபாய்.
மாங்கூழ் ஆலையில் சீசன் முடிந்தால்
எங்களுக்குப் பாதிச் சம்பளம்.
அந்த நேரம் பார்த்துத்தான்
ஷாஹீனுக்குப் பிறந்தநாள் வரும்.

கேழ்வரகு மாவு வீட்டில் உண்டு.
கடலை, முனிரத்னாவிடம் கைமாற்று.
எண்ணெய் அரை லிட்டர், வேறு வழியில்லை.
கறிவேப்பிலையை யார் கணக்கில் எழுதுவது?
கோணி ஊசி ஆலைக் குடோனில் இரவல்.
நூல் மட்டும் காசு கொடுத்து வாங்கினேன்,
பழையபேட்டையில், பன்னிரண்டு ரூபாய்,
சிவப்பு.

காகிதத்துக்கு
போன வருஷத்து எடைமேடைச் சீட்டுகள்
ஒரு மூட்டை, எரிப்பதற்காகக் கிடந்தன.
முன்பக்கம்:
பெங்களூரா, நான்கு டன் முந்நூற்றிருபது, கழிவு போக.
பின்பக்கம்
யாரும் வாங்காத விற்காத வெள்ளை.
மேனேஜரிடம் கேட்டேன்.
"குப்பை எதுக்கும்மா?" என்றார்.
அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி அடுப்படியில் இரண்டு சட்டி.
ஒன்றில் தட்டைக்குப் பிசைந்த மாவு,
ஒன்றில் அட்டை ஒட்ட மைதாப் பசை,
பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டது.
மாறிவிட்டால் கொலைக்கேஸ் என்று
பசைச் சட்டியைக் குளியலறைக்கு நாடு கடத்தினேன்.
தினக்காலண்டர் அட்டையில்
சாமி படத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்துத்
தொண்ணூற்றாறு பக்கம் தைத்து முடித்தபோது
விரலில் நான்கு துளை.
தட்டையில் நான்கு கருகல்.
கருகலை நானே தின்றேன்.

திம்மராயனின் மொட்டைமாடி அறையில் கூடினோம்.
ராயக்கோட்டை ரோடு முழுக்க
போர்வெல் விளம்பரம் எழுதுகிறவன் அவன்.
மிச்சமான பச்சையை, மஞ்சளை, கொஞ்சம் நீலத்தை
ஹோமியோபதி புட்டிகளில் ஊற்றி
மூடிக்கு மெழுகு வைத்துக் கொண்டுவந்திருந்தான்.
கல்யாண வீடுகளில் மருதாணி போட்டுப் பிழைக்கிற ஷாஹீன்
சாயம் ஏறிய விரலால்
என் நோட்டைத் திறந்தாள், முகர்ந்தாள்,
தையலைத் தடவினாள்.
"இவ்ளோ அழகா இருக்கு,
இதுல போய் எப்படிடி கிறுக்குவேன்?"
துப்பட்டாவில் சுற்றி உள்ளே வைத்தாள்.

பிறகு தட்டையைத் தின்றுகொண்டே
அது ஊறவைத்த லெட்ஜர் தாளை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
எண்ணெய் வட்டம், வட்டமாக.
பேச்சு நின்றது.
பால்பாயிண்ட் பேனாவால்
ஒரு வட்டத்துக்குக் காது வைத்தாள்,
ஒன்றுக்குத் தலையில் வலைத்தொப்பி,
ஒன்றுக்கு ஏப்பம்.
பழம் தரம் பிரிக்கிற பெண்கள்
பெல்ட் ஓரம் வரிசையாக நின்றார்கள்.
கடைசியிலிருந்து மூன்றாவது நான்தான்,
மூக்கோரம் மச்சம், ஒரு எள்.

திம்மராயன் கைதட்டினான்.
எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.
இரண்டு ராத்திரி தைத்தது அலமாரிக்கு,
கசக்கிப் போட இருந்தது சுவருக்கா?

ரம்ஜானுக்குப் போனபோதும் பார்த்தேன்.
அத்தர் புட்டி பக்கத்தில் நோட்டு
மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.
முதல் பக்கம் பிறந்த மேனிக்கு.

இந்த வருஷமும் தைத்தேன்.
நூல் பதினைந்தாகிவிட்டது.
முதல் பக்கத்தின் மேல்
சுடச்சுட ஒரு தட்டையை எடுத்து வைத்தேன்.
கை கொஞ்சம் நடுங்கியது, அது வேறு விஷயம்.
ஐந்தாம் பக்கத்தில் டீ டம்ளர்.
இருபதாம் பக்கத்தைத்
தலைகீழாகவே தைத்துவிட்டேன்,
அது மட்டும் நிஜமாகவே தவறு.

ஷாஹீன் திறந்தாள்.
கறையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை,
தட்டையைக்கூடத் தொடவில்லை,
கையை மட்டும் நீட்டினாள்:
"பேனா இருக்கா?"

ஆபீஸ் பேனா.
இன்னும் திரும்பி வரவில்லை.