அரை மூடி

ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டில் லாரிகள்
இரவெல்லாம் நின்ற காலம்.
என் சோடா வண்டிக்கு
ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு.

முதலில் சிகரெட் பெட்டியின்
வெள்ளித்தாளைத்தான் கேட்டார்கள்.
சிகரெட் வேண்டாமாம்.
பிள்ளைக்கு விளையாட என்று நினைத்து
சும்மாவே கொடுத்தேன்.
புளியமரத்துக்குப் பின்னால்
தீக்குச்சிகள் ஒவ்வொன்றாய்ப் பூத்து அணையும்.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
ஊறுகாய் கெட்டுப்போன வாடை.

பிறகு சரக்கு விலை ஏறிவிட்டது என்றார்கள்.
பொட்டலம் சிறுத்தது.
புகையாய் வீணாக்க யாருக்கு மனசு வரும்?
அப்போதுதான் எலுமிச்சை கேட்க ஆரம்பித்தார்கள்.
சோடா வேண்டாம், உப்பு வேண்டாம்,
அரை மூடி.
ஒரு ரூபாய் வாங்கினேன்.
எதற்கென்று தெரிந்த பிறகும்
பதினோரு நாள் வாங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் விடியலில்
நெல்லூர் லாரியின் கிளீனர் பையன்
டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.
கூப்பிட்டால் திரும்பவில்லை.
கைக்குள் சுருங்கிக் கிடந்த மூடி
என் கத்தி வெட்டியது.
என் கத்தி கோணலாகத்தான் வெட்டும்.

அன்றிலிருந்து
பிழிந்த மூடியைக்கூடக் காலால் நசுக்கிவிட்டுத்தான்
குப்பையில் போடுகிறேன்.

அவர்கள் மருந்துக்கடைக்குப் போனார்கள்.
ஊசி மருந்து, வலி மாத்திரை,
சூளூர்பேட்டையில் இல்லையென்றால் கும்மிடிப்பூண்டி.
செக்போஸ்ட்டை எடுத்தார்கள். லாரி நிற்பதில்லை.
புளியமரத்தை ரோடு தின்றது.

அந்தக் கூட்டத்தில் பெஞ்சலய்யா மட்டும் மிச்சம்.
தினம் காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்
நர்ஸ் கண்ணெதிரே
நாக்குக்கு அடியில் மாத்திரையைக் கரைத்துவிட்டு
என்னிடம் வந்து நிற்பான். உப்பு சோடா.
பழத்தை அவன் கண்ணில் காட்டாமல்
பலகைக்குக் கீழே வைத்துப் பிழிவேன்.
நேற்று சிரித்துவிட்டான்.
"தேசம்மா, இப்ப எவன் எலுமிச்ச கேக்கறான்?"

ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் இறங்கும் பையன்கள்
சட்டை மடிப்புக் கலையாதவர்கள்.
போனில் காசு போகிறது,
போனில் சொன்ன இடத்துக்கு ஏதோ வருகிறது.
தாள் கேட்பதில்லை. பழம் கேட்பதில்லை.
தண்ணீர் பாட்டில், ஜில்லென்று ஒன்று.

வாங்கியவன் நிமிர்ந்தபோது பார்த்தேன்.
பட்டப்பகல் இல்லை, விளக்கு வைத்த நேரம்,
ஆனாலும் கருமணி கடுகளவு.
பாட்டில் மூடியைத் திருகத் திருக
அவன் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

நான்தான் திறந்து கொடுத்தேன்.