ஒன்றரை விரற்கடை

சாவியைத் தருமுன் ஹில்கே
படகின் விலாவில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினான்.
"இங்கே தண்ணீருக்குள் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது, வீட்ஸ்கே.
அது வெளியே தெரியும்வரை சாமானை இறக்கு.
மூழ்கினால் என்னிடம் வராதே."

ஏழு மீட்டர் இரும்புப் படகு.
ஒரு கட்டில், ஓர் அடுப்பு,
நிமிர்ந்தால் மண்டையில் இடிக்கும் கூரை.
அதற்குள் திணித்திருந்தேன்
டோக்கம் ஊரில் இருபத்தாறு வருஷம் நடத்திய ரொட்டிக்கடையை,
அதன் மாடியில் நடத்திய குடித்தனத்தை.
கடன்காரர்கள் எடுத்ததுபோக மிச்சம்.
மிச்சம்தான் கனம்.

முதலில் நாற்காலிகள்.
ஞாயிறுதோறும் டவ்வேயின் அண்ணன்மார் உட்கார்ந்து
என் கேக்கில் சர்க்கரை கூடுதல் என்ற
எட்டு நாற்காலிகள்.
கொடுக்க அரை நிமிஷம் ஆகவில்லை.
கோடும் தெரியவில்லை.

பிறகு பனிச்சறுக்குக் காலணிகள், ஐந்து ஜோடி.
ஒரே மகளின் ஐந்து குளிர்காலங்கள்.
இப்போது லிஸ்பனில் இருக்கிறாள், எதுவும் உறையாத ஊர்.
போனில் கேட்டேன்.
"அதையெல்லாமா வைத்திருந்தாய்?"

ரொட்டி அச்சுகள் நூற்று நாற்பது.
பழம்பொருள் கடை பவ்கியா
கைவண்டியோடு ஒன்பது நடை வந்தாள்.
பத்தாவது நடையில் ஒரு காபி கிடைக்குமா என்றாள்.
கோப்பைகளும் வண்டியில் போய்விட்டதை
அப்போதுதான் பார்த்தோம்.
வைக்கோலைக் கிளறி இரண்டை எடுத்துக் கழுவினோம்.

கடைசியில் எடைக்கற்கள்.
இருபது, இருபது, பத்து, பத்து, ஐந்து.
வார்ப்பிரும்பு, கைப்பிடி என் கைக்கே தேய்ந்தது.
டவ்வே போன இரவு
விடியும்வரை மாவு நிறுத்துக்கொண்டிருந்தேன்.
ஒரு கிராம் பிசகவில்லை.
அவற்றைத் தூக்கிக் கொடுத்தபோது மட்டும்
பவ்கியா இல்லாத பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோடு வெளியே வந்தது.
கோட்டுக்குக் கீழும் இரண்டு விரல் இரும்பு
வெயிலில் காய்ந்தது.
தலைமுழுகியாயிற்று என்று உரக்கச் சொன்னேன்.
ஒரு வாத்து திரும்பிப் பார்த்தது.

ஹார்லிங்கனில் வேலை. வேறொருத்தர் அடுப்பு, இரவு முறை.
வழியில் பதினொரு பாலங்கள்.
தூக்குப் பாலங்களில்
காவலர்கள் தூண்டில் கழியில் மரச்செருப்பைத் தொங்கவிட்டார்கள்.
அதில் காசைப் போட்டேன், வழி விட்டார்கள்.
ஒன்பதாவது, குறுக்கு வாய்க்காலில்,
எதற்கும் எழும்பாத கல்பாலம்.
கூரை தட்டியது.
ஒன்றரை விரற்கடை.

"ரொம்பக் காலியாக வந்துவிட்டாய்,"
கரையில் நாயோடு நின்ற பெரிய உடம்புக்காரர் சொன்னார்.
"ஹில்கே படகுதானே?
இந்தப் பாலத்துக்காகவே செங்கல் அடுக்கி வைத்திருப்பான்."

ஹில்கே செங்கல் பற்றிச் சொல்லவில்லை.
பின்னால் இரண்டு படகுகள் ஹாரன் அடித்தன.

அவர் ஏறினார். நூற்றுப் பதினெட்டு கிலோ என்று
அவரே அறிவித்தார்.
நாய் ஏறியது.
தபால்காரி சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பையோடு ஏறினாள்.
தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பையன்கள்,
யாரும் கூப்பிடாமல் அவர்கள் அப்பா.
படகு முனகிக்கொண்டு இறங்கியது.
எல்லோரும் குனிந்தோம்.

பாலத்தின் அடிவயிறு ஈரமாக இருந்தது.
ஒரு சிலந்தி வலை
தபால்காரியின் தலையிலிருந்து என் தலைக்கு நீண்டது.
நாய் மட்டும் இருமியது.
பிறகு வெளிச்சம்.

ஒவ்வொருவராக இறங்க
என் காலடியில் தரை எழும்பிக்கொண்டே வந்தது.
பெயர்கூடக் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு பாலம். இரண்டும் திறப்பவை.
இரவு கட்டிலருகே ஒரு தகர டப்பா.
பையன்களுடையது, மூடியெங்கும் ஆணி ஓட்டைகள்.
உள்ளே ஈர மண்.
மண்ணுக்குள் புழுக்கள், உயிரோடு.

எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தேன்.
இடம் நிறைய இருந்தது.