மூன்றாம் வளைவு

கீரிப்பாறை தாண்டி மாறாமலை ஏறுகையில்
முதல் வளைவில் முள் நடுவில் நிற்கும்.
இரண்டாவதில் சாயும்.
மூன்றாவதில் அது சிவப்பைத் தொடும் முன்பே
பின்னால் இருக்கும் பெண்கள் இறங்கிவிடுவார்கள்.
நான் சொல்ல வேண்டியதில்லை.
கிராம்பு பறிக்கப் போகிறவர்களுக்கு
என் எண்பத்தேழு மாடல் ஜீப்பின் காய்ச்சல் அத்துப்படி.

பாக்கியமுத்து, தூக்குவாளியோடு கட்டிய பாட்டிலை அவிழ்ப்பாள்.
"குடிக்கட்டு, எளவு."
எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணிக்கே வெள்ளம் என்று பேர்.
அரை லிட்டர் வெள்ளம்.
ஈரச்சாக்கைப் போர்த்தி மூடியைக் கால்சுற்று திருப்பி
சீறல் அடங்கும்வரை முகம் திருப்பிக் காத்திருந்து
ஓடும் இஞ்சினில் பையப் பைய ஊற்றுவேன்.
பிறகு அவள் கணக்குச் சொல்வாள்:
"பதினோரு வருசம் டைவரே. எனக்க வெள்ளத்துக்கு
நீரு ஒரு கிணறு தரணும்."

சீட்டு எடுத்த அன்று தக்கலைக்கு ஓட்டினேன்.
அசனார் பழைய ரேடியேட்டரைக் கழற்றி
மேல்தொட்டியின் ஈயத்தைத் தீ வைத்து இளக்கினான்.
பட்டறை முழுக்கக் கிராம்பு மணந்தது.
நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
துருச்சேறு, சுண்ணாம்புப் பாளம்,
நடுவே ஊறிப் பருத்த நாலு மொட்டுகள்.
பல்வலிக்காக அவள் பாட்டிலில் போட்டுவைப்பது.
"ஓடை வெள்ளம், கஷாயம், எல்லாம் குடிச்சிருக்கு,"
என்றான் அசனார். "கூலன்ட்டு மட்டும் குடிக்கல்ல."

இரண்டு வரிசைக்குப் பதில் நாலு வரிசைச் செம்பு.
புது ஹோஸ், புது தெர்மோஸ்டாட், புது மூடி.
முன் அச்சின் எண்ணெய் ஒழுக்கு,
வறண்ட கிரீஸ் நிப்பிள்கள்,
இரு கையாலும் இழுத்தாலே விழும்
நாலுசக்கர லிவர்:
அதெல்லாம் அடுத்த சீட்டுக்கு.
பதினாலாயிரத்து ஐந்நூறு.
பில்லில் சிலுவைமுத்துவை
சிலவுமுத்து என்று எழுதியிருந்தான்.
திருத்தச் சொல்லவில்லை.

மறுநாள் மூன்றாம் வளைவில்
முள் அதே இடத்துக்குப் போனது.

அவமானத்தில் எனக்குத்தான் முதலில் சூடேறியது.
பெண்கள் இறங்கினார்கள்.
யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம்.
ஊற்ற வந்த பாட்டிலை
"பச்சைத் தண்ணி போட்டிருக்கு, கலக்கக் கூடாது"
என்று தள்ளிவிட்டு
அரைமணி நேரம் பானெட்டைத் திறந்துவைத்து
காட்டைப் பார்த்து நின்றேன்.

சாயந்தரம் அசனார் ஒரு பீடிப்புகையை
முன்கிரில்லின் எதிரே ஊதினான். விசிறி அதைத் தொடவில்லை.
பக்கவாட்டில் ஊதினான். மொத்தமாய் இழுத்துக்கொண்டது.
"கூண்டு எங்க ஓய்? விசிறியச் சுத்தி ஒரு கூண்டு உண்டும்லா?"
வாங்கிய நாளிலிருந்தே இல்லை.
இடைஞ்சல் என்று யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள்.
பதினோரு வருடமாய் இந்த விசிறி
தன் இஞ்சினின் அனலையே
திரும்பத் திரும்ப மூச்சிழுத்திருக்கிறது.

பழைய இரும்புக்கடையில் ஒரு தகரப் பலகை,
அறுபது ரூபாய்.
வெட்டி வளைத்து நாலு போல்ட் போட்டான்.
பானெட்டைத் தூக்கினால் இப்போது
மஞ்சளில் கறுப்பாய் 'னைகள் கட' என்று தெரியும்.
மீதி யானை அவன் பட்டறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது.

வியாழக்கிழமை.
முதல் வளைவு. இரண்டாவது.
மூன்றாவதில் பழக்கதோஷத்தில்
கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.
பின்னால் பலகை கிரீச்சிட்டது, எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.
முள் நடுவில்.
கண்ணாடியைத் தட்டினேன். நடுவில்தான்.
நிறுத்தவில்லை. ஒருத்தி மட்டும் நின்றபடியே வந்தாள்.

மேலே, உலர்த்துகளத்தின் ஓரம் வண்டியை நிறுத்தி
கைபொறுக்கும் சூட்டில் இருந்த ஹோஸைத்
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாக்கியமுத்து இறங்கினாள். பாட்டிலை அவிழ்த்தாள்.
ஒரு கணம் பானெட்டைப் பார்த்தாள்.
பிறகு அண்ணாந்து,
கழுத்துவழி வழிய,
கடைசிச் சொட்டில் கிராம்பு நாவில் விழும்வரை
அரை லிட்டரையும்
அவளே குடித்தாள்.