நீர்மட்டம்

இருபத்தேழு ஸ்கேல்களை வாங்கி
பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி
அலமாரி மேல் வைத்தேன்.
இன்று ஒரு கோடும் நேராகப் போகக் கூடாது
என்று நான் சொன்னதும்
வகுப்பு கத்திய கத்தலில்
பக்கத்து அறை டீச்சர் எட்டிப் பார்த்தார்.

காவாகாவா.
கடைத்தெருவின் நடுவே
தண்டவாளம் ஓடும் நியூசிலாந்துச் சிற்றூர்.
ஹுண்டெர்ட்வாஸர் என்ற ஓவியர்
வியன்னாவை விட்டு இந்தப் பக்கம் வந்து
கடைசிக் காலத்தில்
ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனது
ஒரு பொதுக் கழிப்பறை.
காலி பாட்டில் பதித்த சுவர்.
பானை மேல் பானை வைத்தாற்போல் தூண்கள்.
நேர்கோடு அவருக்கு ஆகவே ஆகாது.

முந்தின நாள்
ஜோடி ஜோடியாகக் கைகோத்துக்
கூட்டிப் போயிருந்தேன்.
அவசரமாக உள்ளே ஓட வேண்டிய
அருங்காட்சியகம்.
ஹினேமோவா இரண்டு முறை ஓடினாள்.
"தரைகூட மேடும் பள்ளமுமா இருக்கு மிஸ்!"

இன்று, கோடு போடச் சொன்னால்
ரோடே போடுகிறார்கள்.
நத்தை முதுகில் மாடிவீடு.
ஆளுக்கொரு நிறத்தில் அழும் சன்னல்கள்.
சிவப்பு முதலில் தீர்ந்தது,
எப்போதும் அப்படித்தான்.

தாமிஹானா மட்டும்
சாப்பாட்டு டப்பா மூடியைத் தாளில் அழுத்தி
அதன் விளிம்பை ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தான்
பழுப்பில் ஒரு கோடு,
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை,
கம்பி கட்டியது போல.

குனிந்து,
ஒத்திகை பார்த்த குரலில் சொன்னேன்:
இயற்கையில் நேர்கோடே கிடையாது.
ஆற்றைப் பார். அலையைப் பார்.
உன் காதைப் பார்.

காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
பிறகு,
"எங்க வீட்டுச் சுவத்துல இருக்கு மிஸ்.
ஆறு உள்ள வந்தப்ப போட்டது.
ஹால்ல, கிச்சன்ல, அக்கா ரூம்ல,
எல்லாத்துலயும் ஒரே உயரம்.
அப்பா ரசமட்டம் வச்சுப் பாத்தார்.
குமிழி நடுவுல நின்னுச்சு.
இவ்வளவு சுத்தமா எனக்கே வராதுன்னார்.
அம்மா மூணு தடவ பெயின்ட் அடிச்சாச்சு,
வெயில் பட்டா திரும்பத் தெரியும்."

ஜூலையில் ஒன்பது நாள் அவன் வரவில்லை.
பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
ஒன்பது சின்னக் கோடுகள் இழுத்தவள் நான்,
பையன் மட்டம் போடுகிறான் என்று.
அவன் மட்டம்தான்
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் தயாரித்து வந்த பாடத்தில்
இதற்கு அடுத்த வரி இல்லை.
வண்ணம் எங்கே என்று மட்டும் கேட்டேன்.
"கீழ" என்றான்.

கோட்டுக்கு மேலே அவன் தொடவேயில்லை.
கீழே
ஊறிய சோபாவுக்கு ஊதா.
ஜோடி பிரிந்த செருப்புகளுக்கு
வேறு வேறு மஞ்சள்.
மல்லாந்த ஃபிரிட்ஜின் வாயிலிருந்து
சுருள் சுருளாகப் பச்சை.
மேசைக்கடியில் ஒரு விலாங்கு மீன்,
செக்கச் செவேலென்று,
ஹினேமோவா தன் தட்டிலிருந்து
சுரண்டிக் கொடுத்த கடைசிச் சிவப்பில்.

நிஜமாகவே வந்ததா, என்றேன்.
"வந்துச்சு. ஆனா கறுப்பு."

நடைக்கூடத்தில் படங்களை
என் கண் உயரத்தில் குத்திக்கொண்டு வந்தேன்.
அவன் படத்தை எடுத்ததும்
"இன்னும் கீழ. இன்னும்.
ம், அங்க."
சுவரோடு ஒட்டி நின்று காட்டினான்.
கோடு மூக்கில் வந்து நின்றது.

அப்புறம் யாரை நிறுத்துவது?
வரிசையில் வந்து ஒவ்வொருவராக நின்றார்கள்.
ஹினேமோவாவுக்குக் கழுத்து.
வில்ஃப்ரெட்டுக்கு நெற்றி, எம்பினால் கண்.
என்னையும் நிற்கச் சொன்னார்கள்.
எனக்கு நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே.

அந்நேரம் மணி அடித்து
புதுமுக வகுப்புக் குழந்தைகள்
தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக
அந்தச் சுவரோரம் நடந்து போனார்கள்.
பழுப்புக் கோடு
அத்தனை தொப்பிகளுக்கும் மேலாக
நேராகப் போய்க்கொண்டிருந்தது.